கயிறு எறியறவன் வேலை

எங்க அம்மாயி வாழ்க்கையில ஒரே ஒரு தடவை தான் கப்பல் ஏறிருக்கு. 1964ல இலங்கைத் தோட்டத் தமிழருங்கள்ல ஒரு பங்க இந்தியாவுக்கு அனுப்ப சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்கல்ல, அதுல பேர் வந்து, எழுபதுகள்ல தலைமன்னார்ல இருந்து ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பல்ல வந்து இறங்கி, மண்டபம் கேம்ப்ல கொஞ்ச நாள் கிடந்து, அப்புறம் மலையேறி நீலகிரி, தேயிலைக் காடு, லைன் வீடு. அந்தக் கப்பல் பத்தி அதுக்கு ஞாபகம் இருக்கறது ரெண்டே விஷயம் தான். வழி முழுக்க வாந்தி. அப்புறம் கரை வர்ற நேரத்துல முன்னாடி நின்னு கயிறு எறிஞ்ச ஒரு ஆளு. நான் கப்பல்ல சேர்ந்து 14 வருசம் ஆச்சு, இன்னைக்கும் யாராவது கேட்டா "என் பேரன் கப்பல்ல கயிறு எறியறான்"னு தான் சொல்லும்.

குன்னூர்ல மத்தவங்களுக்கு அதுகூட தெரியாது. பெட்ஃபோர்ட்ல டீக்கடையில உக்காந்தா ரெண்டு கட்சி இருக்கும், ஒரு கட்சி கப்பல்காரன்னா லட்சக்கணக்குல சம்பளம் உலகம் சுத்தற வேலைன்னு நினைக்கும், இன்னொரு கட்சி "எஞ்சினியரும் இல்ல கேப்டனும் இல்லன்னா அப்ப கூட்டிப் பெருக்குற வேலையா தம்பி"ன்னு கேக்கும். ரெண்டாவது கட்சி தான் உண்மைக்கு கொஞ்சம் பக்கம், ஏன்னா நான் நிஜமாவே நிறைய பெருக்கிருக்கேன். ஆனா பெருக்குறது வேலையோட ஒரு ஓரம் தான். இந்த தடவை லீவுல வந்தப்ப பக்கத்து லைன்ல ரெண்டு பசங்க கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கற ஒரு நோட்டீஸ தூக்கிட்டு வந்து "அண்ணா இதுல டெக் ரேட்டிங்னு போட்ருக்கே என்னண்ணா செய்யணும்"னு கேட்டானுங்க, அவனுங்களுக்கு சொன்னத தான் இங்க எழுதறேன்.

கப்பல்ல மூணு பிரிவு. எஞ்சின், சமையல், அப்புறம் டெக், அதாவது மேல்தளம். டெக்ல மேல ஆபீசர்ங்க, சீஃப் மேட், செகண்ட் மேட், தேர்ட் மேட். அவங்களுக்கு கீழ இருக்கற எல்லாரும் ரேட்டிங், அதுல மேல போசன், அவரு தான் எங்க மேஸ்திரி. போசனுக்கு கீழ ஏபி, அதாவது ஏபிள் சீமேன், ஏபிக்கு கீழ ஓஎஸ், அதாவது ஆர்டினரி சீமேன், அதுக்கும் கீழ ட்ரெய்னி. இந்த பேரெல்லாம் இங்கிலீஷ்காரன் வச்சது, அதுக்கு முன்னாடி நம்ம கடல்ல ஓடுன பேரே வேற. போசன சாரங்குன்னு சொல்லுவாங்க, அவருக்கு அடுத்தவர் டிண்டல், சுக்கான் புடிக்கிறவர் சுக்கானி, சமையல்காரர் பண்டாரி, மொத்த ஆளுங்களுக்கும் சேத்து லஸ்கர். லஸ்கர்ங்கறது படைன்னு அர்த்தம் வர்ற பாரசீக சொல்லுல இருந்து வந்தது. வேடிக்கை என்னன்னா நம்ம பொதுப்பணித்துறையில மதகு திறந்து மூடற ஆளுக்கு இன்னமும் லஸ்கர்னு தான் பேரு, கடலே பாத்திருக்க மாட்டாரு. தூத்துக்குடி தோணியில தலைவரா இருக்கறவர இப்பவும் தண்டல்னு தான் கூப்பிடறாங்க, டிண்டலும் அதே சொல்லு தான். பழைய கப்பல்ல வேலை பாத்த பெரியவங்க கூட பேசினா இந்த வார்த்தையெல்லாம் தானா வரும், நமக்கு தான் மறந்து போச்சு.

நடுக்கடல்ல எங்க வேலை ரெண்டா பிரியும், வாட்ச் பாக்கறது ஒண்ணு, பகல் வேலை ஒண்ணு. வாட்ச்னா நாலு மணி நேரம் வேலை எட்டு மணி நேரம் ஓய்வு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. பன்னெண்டு டு நாலு செகண்ட் மேட் கூட, நாலு டு எட்டு சீஃப் மேட் கூட, எட்டு டு பன்னெண்டு தேர்ட் மேட் கூட. ராத்திரி வாட்ச்ல ஏபிக்கு இருக்கற ஒரே வேலை பாக்கறது. சும்மா பாக்கறது. ரேடார் இருக்கு, பக்கத்து கப்பல் பேரு, இடமெல்லாம் காட்டற ஏஐஎஸ் கருவி இருக்கு, அப்புறம் எதுக்கு ஆளுன்னு கேப்பீங்க. 1972ல போட்ட மோதல் தடுப்பு விதிகள்ல 5வது விதியே அது தான், எல்லா நேரமும் கண்ணாலயும் காதாலயும் கவனிச்சிட்டே இருக்கணும்னு. சின்ன மரப் படகு ரேடார்ல சரியா விழாது, கேரளா கரையோரம் ராத்திரி போனா தெரியும், மினுக் மினுக்னு சின்ன லைட்டு போட்டுட்டு எத்தனை மீன்பிடி போட், அதுல நம்ம கன்னியாகுமரி பசங்க தான் இருப்பாங்க. நாம தூங்கி வழிஞ்சா அவங்க காலி.

பனிமூட்டம் எறங்கிட்டா இன்னும் மோசம். இது மலைக்காரங்களுக்கு சொல்லி புரிய வைக்க வேண்டாம், மேட்டுப்பாளையம் ரோட்டுல பர்லியார் தாண்டினதும் ஒண்ணுமே தெரியாம கிளீனர் எறங்கி டார்ச்ச வச்சுகிட்டு லாரிக்கு முன்னாடி நடப்பான் பாருங்க, அந்த வேலை தான். கப்பல் மூக்குல போயி நிக்கச் சொல்லுவாங்க, கப்பல ஓட்டற அறை பிரிட்ஜ், அங்க இருந்து நூறு இருநூறு மீட்டர் முன்னாடி. ரெண்டு நிமிசத்துக்குள்ள ஒரு தடவை நீளமா ஒரு ஹாரன் அடிச்சிட்டே போகணும், அது விதி. நின்னுட்டா, அதாவது எஞ்சின் நிறுத்தி தண்ணியில நகராம இருந்தா, ரெண்டு நீள ஹாரன். நம்ம ஹாரன் நின்ன உடனே எதிர்ல வேற ஹாரன் கேக்குதான்னு காத தீட்டிகிட்டு நிக்கணும், குளிர்ல பல்லு அடிக்கற சத்தம் தான் முதல்ல கேக்கும்.

துறைமுகத்துக்குள்ள போகும்போதும் வரும்போதும் கைல சுக்கான் புடிக்கறதும் ஏபி வேலை தான். துறைமுகத்துல வழி காட்ட ஏறி வர்ற பைலட் ஒரு டிகிரி சொன்னா அத அப்படியே திருப்பி சத்தமா சொல்லிட்டு அப்புறம் தான் திருப்பணும், திருப்பி முடிச்சதும் மறுபடி சொல்லணும். புதுசுல எனக்கு இது கிளிப்பிள்ளை மாதிரி வெக்கமா இருந்துச்சு. ஒரு தடவை ஸ்டார்போர்டு, அதாவது வலது, சொன்னத போர்ட்னு, அதாவது இடதுன்னு, காதுல வாங்கி வாயால போர்ட்னு சொன்னேன், பைலட் கத்தினாரு, கை நின்னுடுச்சு. வாயால சொல்லாம கையால செஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நினைப்பேன்.

இப்ப அம்மாயி சொன்ன கயிறுக்கு வர்றேன், ஏன்னா டெக்காரனோட வேலை எதுன்னு ஒரே இடத்துல பாக்கணும்னா அது இந்த கயிறு கட்டற நேரம் தான். கரைக்கு எறியறது பெரிய கயிறு இல்ல. அது ஹீவிங் லைன், விரல் மொத்தம் இருக்கும், நுனியில ஒரு முடிச்சு கனமா, அதுக்கு மங்கீஸ் ஃபிஸ்ட்னு பேரு. அந்த முடிச்சுக்குள்ள இரும்போ கல்லோ வச்சு கட்டக் கூடாது, கரையில நிக்கறவன் மண்டை உடையும், ஆனாலும் வைக்கறவன் இருக்கான். அந்த சின்ன கயித்த கரையில புடிச்சு இழுப்பாங்க, அது பின்னாடி கை மணிக்கட்டு மொத்தம், சில சமயம் அதுக்கும் மேல இருக்கற, கப்பல கரையில கட்டற மூரிங் கயிறு போகும். முன்னாடி போறது ஹெட் லைன், பின்னாடி ஸ்டெர்ன் லைன், குறுக்க இழுக்கறது பிரெஸ்ட் லைன், கப்பல் முன்ன பின்ன நகராம புடிக்கறது ஸ்பிரிங். எல்லாத்தையும் வின்ச்ங்கற கயிறு சுத்தற மெஷின்ல சுத்தி இறுக்கணும், ஆயிரக்கணக்கான டன் எடை அந்த கயித்துல தொங்கி மெதுவா கரைய தொடும்.

நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீளும். நீண்டுட்டே போயி தாங்காம அந்தா அறுந்துச்சுன்னா, ரெண்டு நுனியும் வந்த வழியே திரும்பி அடிக்கும், கண்ணால பாக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். கால் போனவன் இருக்கான், உயிர் போனவன் இருக்கான். பழைய கப்பல்ல தரையில மஞ்சள் பெயிண்ட் அடிச்சு இந்த கோட்டுக்குள்ள நிக்காதேன்னு போட்டிருப்பாங்க. கயிறு எந்த கப்பியில எப்படி வளைஞ்சு போகுதோ அதுக்கு தகுந்த மாதிரி அடிக்கற பக்கமும் மாறும், கோட்ட நம்பி நின்னவனும் அடி வாங்கிருக்கான், அதனால இப்பல்லாம் மூரிங் டெக் மொத்தமுமே ஆபத்தான இடம்னு எடுத்துக்க சொல்றாங்க. என் முதல் போசன் ஒரு ரத்னகிரிக்காரரு, எனக்கு முதல் வாரம் ஒரு வேலையும் தரல, ஒவ்வொரு தடவையும் "நீ எங்க நிக்கற, ஏன் அங்க நிக்கற"னு மட்டும் கேட்டாரு. பதில் தெரியலன்னா பின்னாடி போய் நில்லுன்னு சொல்லிடுவாரு. நானும் கடுப்பாயி இந்தாளுக்கு வேற பொழப்பே இல்லையான்னு நினைச்சேன். டெக் வேலைன்னா முக்காவாசி அது தான், எங்க நிக்கறதுன்னு தெரியறது, மீதி பலம் எல்லாம் வின்ச் பாத்துக்கும்.

நங்கூரமும் அப்படித்தான். நம்ம ஊட்டி ரயில பாத்திருப்பீங்க, ஒவ்வொரு பெட்டியிலயும் முன்னாடி பிளாட்பாரத்துல ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோட நிப்பாரு, கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் 12 அடிக்கு 1 அடி ஏத்தம், எறங்கும்போது எஞ்சின் மட்டும் புடிச்சா பத்தாது, ஒவ்வொரு பெட்டியா கையால பிரேக் போட்டு எறக்கணும். 1899ல இருந்து அப்படித்தான் ஓடுது. நங்கூரம் விடற ஏபியோ போசனோ அதே பிரேக்ஸ்மேன் தான். சங்கிலிய நீளம் அளக்கறது ஷேக்கிள் கணக்குல, ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர். பிரிட்ஜ்ல இருந்து அஞ்சு ஷேக்கிள் தண்ணியிலன்னு சொன்னா பிரேக்க தளர்த்தி விட்டு, வெள்ளையடிச்ச கண்ணி எத்தனையாவது போகுதுன்னு எண்ணிகிட்டே அஞ்சாவதுல இறுக்கணும். பிரேக்க ஒரேடியா விட்டுட்டா சங்கிலி அது இஷ்டத்துக்கு ஓடும், தீப்பொறி பறக்கும், துரு தூசி முகத்துல அடிக்கும், அதுக்கப்புறம் எந்த பிரேக்கும் புடிக்காது, கடைசி கண்ணி வரைக்கும் பிச்சுகிட்டு போயிடும். அந்த நேரத்துல அங்க இருந்து ஓடறவன் தான் புத்திசாலி.

2024 மார்ச் 26ம் தேதி பால்டிமோர்ல டாலிங்கற கப்பல் பாலத்துல மோதினத டிவியில பாத்திருப்பீங்க. அதுல வேலை பாத்த கப்பல்காரங்க 21 பேர்ல 20 பேர் நம்ம இந்தியாக்காரங்க, ஒருத்தர் இலங்கைக்காரர். கரண்ட் போயி கப்பல் கைய விட்டு போனப்ப நங்கூரம் விடச் சொல்லி உத்தரவு வந்து, இருட்டுல முன்னாடி ஓடி நங்கூரத்த விட்டாங்க. கப்பல் நிக்கல, பாலத்து மேல வேலை பாத்த 6 பேர் செத்தாங்க. அவ்வளவு பெரிய கப்பல் அந்த வேகத்துல வந்தா நங்கூரம் ஒண்ணும் செய்யாது, அது எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் விட்டு தான் ஆகணும்.

நோட்டீஸ்ல போடாத வேலை துரு. உப்புக் காத்து இரும்ப சும்மா விடாது. பகல் முழுக்க சிப்பிங், சுத்தியால கொத்தி துருவ உதிர்க்கறது, கம்பி பிரஷ்ஷால தேய்க்கறது, நல்ல தண்ணியில கழுவி உப்ப எடுக்கறது, காஞ்சதும் பிரைமர், அது மேல பெயிண்ட். நல்ல தண்ணியில கழுவாம அடிச்சா பெயிண்டுக்கு அடியிலயே துரு வளரும், ரெண்டு மாசத்துல கொப்புளமா கிளம்பும், அப்புறம் மறுபடி கொத்தணும். கப்பலோட ஒரு முனையில ஆரம்பிச்சு இன்னொரு முனைய முடிக்கறதுக்குள்ள ஆரம்பிச்ச இடம் துருப்புடிச்சிருக்கும். காது அடைக்கும், வளைகுடா வெயில்ல டெக் தகடு செருப்ப உருக்கற மாதிரி சுடும். எண்ணெய்க் கப்பல்ல சரக்கு ஏத்தும்போது சிப்பிங் கூடாது, ஒரு பொறி போதும். அந்த நாள்ல எல்லாம் எங்களுக்கு கிட்டத்தட்ட லீவு மாதிரி, கிரீஸ் தடவிட்டு சுத்துவோம்.

அப்புறம் ஹோல்டு, சரக்கு வைக்கற கிடங்கு. மொத்த சரக்கு கப்பல்ல நிலக்கரி எறக்கிட்டு அடுத்து கோதுமை ஏத்தணும்னா, இருபது மீட்டர் ஆழ ஹோல்டுக்குள்ள ஏணியில எறங்கி பெருக்கி கழுவி காய வச்சு ஒரு பொட்டு கரி இல்லாம பண்ணணும். அதிகாரி வந்து கையால தடவிப் பாப்பாரு, கறுப்பு ஒட்டுச்சுன்னா கப்பல் நிக்கும், கம்பெனிக்கு நாள் வாடகை போகும், போசன் முகத்துல ஈயாடாது. பெருக்கற வேலையான்னு கேட்டாங்கல்ல, ஆமா, இதுவும் பெருக்கறது தான்.

இதுல தான் ரெண்டாவது சாவு இருக்கு. காத்துல 21 சதவீதம் ஆக்சிஜன், அது குறைஞ்சா மூக்குக்கு தெரியாது, வாசனை வராது, கண்ணு எரியாது, கால் மடங்கி விழுந்துடுவோம். பூட்டிக் கிடக்கற அறையில இரும்பு துருப்புடிக்கும்போதே ஆக்சிஜன தின்னுடும், நிலக்கரி தின்னும், மரக்கட்டை தின்னும். நங்கூரச் சங்கிலி கிடக்கற குழி, காலி ஹோல்டு, கப்பல் சமநிலைக்கு தண்ணி நிரப்பற பல்லாஸ்ட் டேங்க் எல்லாம் அப்படி. உள்ள போறதுக்கு முன்னாடி காத்தோட்டம் விட்டு, மீட்டர எறக்கி மேல நடு அடின்னு அளந்து, பர்மிட்ல கையெழுத்து போட்டு, வாசல்ல ஒரு ஆள நிறுத்திட்டு தான் போகணும். நம்மூர்ல செப்டிக் டேங்க்ல ஒருத்தர் விழுந்து அவர தூக்கப் போன ரெண்டாவது ஆள், மூணாவது ஆள்னு வரிசையா போற செய்தி படிக்கறோமே, கப்பல்லயும் அதே தான். வாசல்ல நிக்கறவன் உள்ள குதிக்கக் கூடாது, அலாரம் அடிக்கணும். கூட்டாளி கண்ணு முன்னாடி விழுந்து கிடக்கும்போது வெளிய நின்னு அலாரம் அடிக்கறது இருக்கே, அத எந்த கோர்ஸ்லயும் சொல்லிக் குடுக்க முடியாது.

கண்டெய்னர் கப்பல்ல வேலை வேற மாதிரி. நம்ம குன்னூர் ஏலத்துல போற தேயிலை கொச்சிக்கு எறங்கி பெட்டியில ஏறுது, அந்தப் பெட்டி ஒண்ணு மேல ஒண்ணா ஏழு எட்டு அடுக்கு, மூலைக்கு மூலை ட்விஸ்ட்லாக்ங்கற பூட்டு, மேல இழுத்து கட்டற லேஷிங் கம்பி, அத இறுக்கற டர்ன்பக்கிள். நிறைய துறைமுகத்துல கரை ஆளுங்களே கட்டிடுவாங்க, ஆனா கடல் கொந்தளிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா போய் இறுக்கி பாக்கறது நாங்க தான். பைலட் ஏறுற ஏணிய தொங்க விடறதும் நாங்க. தண்ணியில இருந்து டெக் 9 மீட்டருக்கு மேல இருந்தா வெறும் கயித்து ஏணி மட்டும் பத்தாது, பக்கத்துல படியும் சேத்து கட்டணும். அந்த ஏணில தொங்கறது நம்மள நம்பி ஒரு வயசான மனுசன், முடிச்சு சரியான்னு ரெண்டு தடவை பாத்துக்கோங்க.

பார்ஜ் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா அந்த நோட்டீஸ்ல இருந்த வேலை பார்ஜ் வேலையா கூட இருக்கலாம். பார்ஜ்னா தட்டையான சரக்கு படகு, சிலதுக்கு எஞ்சின் உண்டு, சிலதுக்கு இல்ல, இல்லாதத டக்னு சொல்ற இழுவைப் படகு இழுத்துட்டோ தள்ளிட்டோ போகும். ஹால்தியால இருந்து பிரயாக்ராஜ் வரைக்கும் 1620 கிலோமீட்டர் தேசிய நீர்வழி 1, கொல்லம் பக்கம் தேசிய நீர்வழி 3, இங்கயெல்லாம் ஓடறது பார்ஜ். பெரிய கப்பல் உள்ள வர ஆழம் இல்லாத இடத்துல வெளிய நங்கூரம் போட்டு நிக்க, பார்ஜ் பக்கத்துல ஒட்டி சரக்க வாங்கிட்டு வரும். ஆளு கம்மி, அதனால வாட்ச், கயிறு, பம்ப், சமையல், கழியால ஆழம் பாக்கறது எல்லாம் ஒரே ஆள் தலையில விழும். கப்பலுக்கும் பார்ஜுக்கும் நடுவுல இருக்கற சந்து தான் பார்ஜ்காரனோட எமன். அலையில ரெண்டும் விலகும், அடுத்த அலையில நசுக்கும். ஒரு காலு இங்க ஒரு காலு அங்க வச்சு தாண்டறவன நான் பாத்திருக்கேன், பாக்கவே வயிறு கலங்கும்.

எஞ்சின் இல்லாத பார்ஜுக்கு புயல்ல நங்கூரம் மட்டும் தான் கதி. 2021 மே மாசம் டவ்தே புயல் வந்தப்ப மும்பைக்கு வெளிய கடல்ல இருக்கற மும்பை ஹை எண்ணெய் வயல்ல தொழிலாளிங்க தங்குற பி-305 பார்ஜோட நங்கூரம் பிச்சுகிட்டு போயி, எங்கயோ அடிச்சுட்டு போயி மூழ்குச்சு. அதுல இருந்தது 261 பேர், எழுபதுக்கு மேல செத்தாங்க.

காசு விஷயத்துக்கு வருவோம். ஏபிக்கு ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்பு, வச்ச குறைஞ்சபட்ச அடிப்படை சம்பளம் 2025ல மாசம் 673 டாலர், ஓவர்டைம் லீவு பணம் எல்லாம் அதுக்கு மேல. கான்ட்ராக்ட்ல இருக்கற மாசத்துக்கு தான் சம்பளம், வீட்டுல இருக்கும்போது பெரும்பாலும் ஒண்ணும் வராது, இத டீக்கடை கட்சி கணக்குல சேக்கறதே இல்ல. 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேரம் ஓய்வு, ஏழு நாளைக்கு 77 மணி நேரம், அத ரெண்டு துண்டுக்கு மேல பிரிக்கக் கூடாது, ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்கணும், இதெல்லாம் சர்வதேச சட்டம். துறைமுகத்துக்கு மேல துறைமுகம்னு போற கப்பல்ல தூங்கினது நாலு மணி நேரம், பேப்பர்ல பத்து மணி நேரம்னு எழுதி கையெழுத்து வாங்கினத நானே பாத்திருக்கேன், நானும் போட்டிருக்கேன். போட்டிருக்கக் கூடாது.

பசங்களுக்கு நான் சொன்ன முக்கியமான விஷயம் வேற. பத்தாவது பாஸ் பண்ணி ஆறு மாச ஜிபி ரேட்டிங் கோர்ஸ், அதாவது பொது கப்பல் வேலைப் பயிற்சி, மத்திய அரசோட கப்பல் துறை டிஜி ஷிப்பிங் அங்கீகாரம் உள்ள இடத்துல. கலர் பார்வை சரியா இருக்கணும், சிவப்பு பச்சை லைட்டு பிரிச்சு தெரியலன்னா டெக்ல வேலையே இல்ல, அதனால காசு கட்டறதுக்கு முன்னாடி கண்ண காட்டிடணும். அப்புறம் கப்பல்காரனுக்கான அடையாள எண் இன்டோஸ் நம்பர், கப்பல் வேலைக்கான புத்தகம் சிடிசி. வேலைக்கு ஆள் அனுப்பற ஏஜெண்டுக்கு ஆர்பிஎஸ்எல்ங்கற ஆள் அனுப்பற லைசென்ஸ் இருக்கான்னு டிஜி ஷிப்பிங் வெப்சைட்டிலயே பாக்கலாம், லைசென்ஸ் இருக்கறவன் கப்பல்காரன்கிட்ட வேலைக்காக ஒரு ரூபா வாங்கக் கூடாது, அது சட்டம். எனக்கு அது தெரியாம அப்பா பிஎஃப் பணத்துல ஒண்ணரை லட்சம் ஒருத்தன்கிட்ட குடுத்தாரு, ஆறு மாசம் ஒரு லாட்ஜ்ல உக்காந்திருந்தேன், கப்பலும் வரல பணமும் வரல. அவனுங்க கொண்டு வந்த நோட்டீஸ்ல லைசென்ஸ் நம்பர் எங்கடான்னு கேட்டேன், திருப்பி திருப்பி பாத்தானுங்க, இல்ல.

இதெல்லாம் சொல்லிட்டு இருக்கும்போது அம்மாயி வாசப்படில உக்காந்து வெத்தலை இடிச்சிட்டு இருந்துச்சு. திடீர்னு "ஏன்டா, நீ எறியற கயித்த அந்தப் பக்கம் புடிக்கறவன் யாருடா"ன்னு கேட்டுச்சு. இத்தனை வருசத்துல யாரும் கேக்காத கேள்வி. கரையில லைன்ஸ்மேன்னு ஆளுங்க இருக்காங்க, பேர் தெரியாது, முகம் பாதி நேரம் தெரியாது, ஹெல்மெட் லைட்டு மட்டும் தெரியும். அவங்க தான் கயித்து கண்ணிய இழுத்து கரையில இருக்கற பொல்லார்டுங்கற கட்டுத்தூண்ல மாட்டுவாங்க. அதே பொல்லார்டுல ஏற்கனவே வேற கப்பல் கயிறு இருந்தா, நம்ம கண்ணிய அந்தக் கண்ணிக்குள்ள கீழ இருந்து மேல நுழைச்சு எடுத்து அப்புறம் மாட்டணும். அப்ப தான் எந்தக் கப்பல் முதல்ல கிளம்பினாலும் மத்தவன் கயித்த அவுக்காம தன் கயித்த மட்டும் எடுத்துட்டு போகலாம். ரெண்டு துண்டு கயித்த கண்ணி போட்டு, உலக்கைய பொல்லார்டா நிக்க வச்சு காட்டினேன், அம்மாயி ரெண்டு தடவை அவுத்து மாட்டி பாத்துட்டு உலக்கைய திரும்ப புடுங்கிகிச்சு.